டியூட்டி டாக்டர் தூங்கினாரா என்பது நோயாளிக்கு ஏன் முக்கியம்?

மருத்துவமனையில் ஏதாவது தப்பு நடந்துவிட்டால் மறுநாள் செய்தியில் வருகிற வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: அலட்சியம். ஊசி மாறிப் போட்டார்கள், அலட்சியம். மருந்து அளவு தப்பிவிட்டது, அலட்சியம். நாமும் அதைப் பிடித்துக்கொண்டு திட்டித் தீர்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். இன்னொரு நாள், செவிலியர்களோ பயிற்சி மருத்துவர்களோ "ஆள் போடுங்கள், டியூட்டி நேரத்தைக் குறையுங்கள்" என்று போராட்டத்தில் உட்கார்ந்தால், அது அவர்கள் சங்கப் பிரச்சினை, நமக்கென்ன என்று கடந்துவிடுகிறோம். சிலருக்குக் கோபம்கூட வருகிறது, நோயாளியை விட்டுவிட்டு இவர்களுக்கு என்ன போராட்டம் என்று.

இந்த இரண்டு செய்திகளும் பல நேரங்களில் ஒரே செய்திதான். இரண்டையும் சேர்த்துப் படிக்க நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். மருத்துவ ஊழியர்களின் நலன் என்றால் கேன்டீன் நன்றாக இருப்பது, வருடத்துக்கு ஒருமுறை செவிலியர் தினத்தில் கேக் வெட்டுவது என்கிற மாதிரி ஒரு எண்ணம் இருக்கிறது. அந்த நலன் நோயாளியின் உடம்பை எந்த வழியாக வந்து தொடுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். மருத்துவம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ராத்திரி பஸ்ஸில் ஏறும்போது

சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ராத்திரி பஸ் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் நேற்று காலையிலிருந்து தூங்கவில்லை, ஊர் போய்ச் சேர்ந்த கையோடு இன்னொரு டிரிப்பும் எடுக்கப்போகிறார் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவீர்கள். அவர் நல்ல மனிதரா, பயணிகள் மேல் அக்கறை உள்ளவரா என்றெல்லாம் விசாரிக்க மாட்டீர்கள். இருபத்தைந்து வருட அனுபவம் இருந்தாலும் கண் சொருகினால் சொருகியதுதான் என்று நமக்குத் தெரியும். "ஜாக்கிரதையா ஓட்டுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுத் தூங்கவும் மாட்டோம்.

சட்டத்துக்கும் இது தெரியும். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பஸ் டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது; நீண்ட தூர வழித்தடம் போன்ற காரணங்களுக்கு 10 மணி, 54 மணி வரை போகலாம் என்றது. நடைமுறையில் மீறுகிறார்கள் என்பது வேறு விஷயம். வரம்பு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அந்த பஸ் விபத்தில் சிக்கினால் நம்மை எங்கே கொண்டுபோவார்கள்? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கேஷுவால்டிக்கு. அங்கே நம்மைப் பார்க்கிற பிஜி (மேற்படிப்பு) டாக்டர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்று நாம் கேட்பதே இல்லை. இந்தியாவில் பிஜி மாணவர்கள் 24 மணி நேரம், 36 மணி நேரம் தொடர்ந்து டியூட்டி பார்ப்பது சர்வசாதாரணம். 2024 ஆகஸ்ட்டில் கொல்கத்தாவில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவர் அப்படி ஒரு 36 மணி நேர டியூட்டியின் நடுவில்தான், ஓய்வெடுக்கச் சரியான இடமில்லாமல் கருத்தரங்க அறையில் போய்ப் படுத்திருந்தார். தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. அது அமலில் எப்படி இருக்கிறது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும்: 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றிய தன் அறிக்கையில், வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள் என்று பரிந்துரைத்தது. 74 என்பது அங்கே ஒரு முன்னேற்றம்.

தூக்கம் இல்லாத மூளை என்ன செய்யும்?

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை ஒரு முறை தூங்கவிடாமல் வைத்தும், இன்னொரு முறை மது கொடுத்தும், கையும் கண்ணும் சேர்ந்து இயங்க வேண்டிய ஒரே வேலையைச் செய்யச் சொன்னார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தால் ஏறக்குறைய 0.10 சதவீதம். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். அந்தக் கணக்கில் பார்த்தால், போலீஸ் ஊதச் சொல்லி மடக்கவேண்டிய நிலையில் இருக்கிற ஒருவரிடம்தான் நாம் கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்கிறோம்.

களைப்பு அறிவை அழிப்பதில்லை. 30 மணி நேரம் விழித்திருக்கும் டாக்டரை எழுப்பி நிமோனியாவுக்கு என்ன மருந்து என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார். கெட்டுப்போவது கவனம். ஒரு சில நொடிகளுக்கு, கண் திறந்திருக்கும்போதே, மூளை அணைந்து எரியும். இதற்கு மைக்ரோ ஸ்லீப் என்று பெயர். தூங்கியதே தூங்கியவருக்குத் தெரியாது. அடுத்தது, மனதில் ஐந்து விஷயங்களை ஒன்றாக ஏந்தி வைத்திருக்கும் திறன் குறைகிறது, ஐந்தில் ஒன்று நழுவும். மூன்றாவதுதான் மோசமானது: தான் எவ்வளவு களைத்திருக்கிறோம் என்று எடைபோடும் புத்தியும் சேர்ந்தே மழுங்குகிறது. அதனால்தான் "எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாதான் இருக்கேன்" என்று சொல்லும் ஆளை நம்பக்கூடாது. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது.

களைப்பும் பர்ன்அவுட்டும் ஒன்றில்லை

களைப்பு ஒரு நல்ல தூக்கத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். பர்ன்அவுட் அப்படிப் போகாது. நியூயார்க்கில் இலவச மருத்துவ மையம் ஒன்றில் வேலை செய்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-ல் இதைப் பற்றி எழுதினார். ஆர்வத்தோடு வந்த தன்னார்வலர்கள் சில மாதங்களில் வற்றிப்போவதை அவர் நேரில் பார்த்தார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்க ஓர் அளவுகோல் செய்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை வேலை சார்ந்த ஒரு நிலை என்று வகைப்படுத்தியது. நோய் என்று சொல்லவில்லை. பணியிடத்தில் சமாளிக்கப்படாமல் நாள்பட்டுப்போன அழுத்தம் மூன்று விதமாக வெளிப்படுவதுதான் பர்ன்அவுட்: சக்தி முழுவதும் தீர்ந்துபோதல், வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், நான் செய்வதில் எந்தப் பலனும் இல்லை என்ற உணர்வு.

இதில் நோயாளியை நேரடியாகத் தொடுவது இரண்டாவது. மனம் விலகிப்போன ஒரு செவிலியரைக் கவனித்தால் தெரியும். அவர் கெட்டவராக மாறியிருக்க மாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடுவது போய் "ஏழாம் நம்பர் பெட்" ஆகிவிடும். பாட்டி "என்னமோ மாதிரி இருக்கு சிஸ்டர்" என்று சொல்வதை முன்பெல்லாம் நின்று கேட்டிருப்பார், நாடி பிடித்துப் பார்த்திருப்பார். இப்போது "சரியாயிடும் பாட்டி" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்துவிடுவார். ரத்தத்தில் கிருமி பரவுவதோ உள்ளே ரத்தம் கசிவதோ முதலில் அந்த "என்னமோ மாதிரி"யாகத்தான் வரும், மானிட்டரில் அலாரம் அடிப்பதெல்லாம் அப்புறம்.

மருத்துவர்களைப் பற்றிய 47 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, பர்ன்அவுட் உள்ள மருத்துவர்களிடம் நோயாளி பாதுகாப்புச் சம்பவங்கள் நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டது. இது இரண்டு பக்கமும் வெட்டக்கூடிய தொடர்பு என்பதையும் சொல்லவேண்டும்: தவறு செய்துவிட்ட குற்றவுணர்வும் ஒருவரை பர்ன்அவுட்டுக்குள் தள்ளும்.

ஒரு தவறு நோயாளி வரை எப்படி வந்து சேர்கிறது?

இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும். ஒரு வார்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை 6 மணி, நைட் டியூட்டி முடியப்போகும் நேரம். 40 நோயாளிகளுக்கு இரண்டு ஸ்டாஃப் நர்ஸ். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடவேண்டியவர்கள் பத்துப் பேர். இந்தியாவில் இன்சுலின் பாட்டில் இரண்டு செறிவில் வருகிறது: ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது ஒன்று. அதற்குத் தகுந்தபடி சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. காலை வெளிச்சம் சரியாக வராத வார்டில், சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் "20" என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். டாக்டர் எழுதியது 20. சர்க்கரை மடமடவென்று இறங்கி நோயாளி மயங்கிப்போக இது போதும்.

தினமும் எத்தனையோ வார்டில் எத்தனையோ ஊசி போடுகிறார்கள், ஏன் தினமும் இது நடப்பதில்லை? நடுவில் பல தடுப்புகள் இருக்கின்றன. மருந்தகம் ஒரே வகை பாட்டிலை மட்டும் வார்டுக்கு அனுப்பினால் அது ஒரு தடுப்பு. ஊசியில் ஏற்றியதை இன்னொரு நர்ஸ் பார்த்துச் சொல்வது ஒரு தடுப்பு. நோயாளியே "நேத்து இவ்வளவு இல்லையே சிஸ்டர்" என்று கேட்பது ஒரு தடுப்பு. மான்செஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதைத்தான் மாதிரியாக வரைந்து காட்டினார். எந்தத் தடுப்பும் முழுசாக இருப்பதில்லை, ஒவ்வொன்றிலும் ஓட்டைகள் உண்டு. ஒரு தடுப்பின் ஓட்டையில் நுழைந்த தவறை அடுத்தது பிடித்துவிடும். எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வருகிற அன்றுதான் தவறு நோயாளியைப் போய்ச் சேரும். ஓட்டை ஓட்டையாக இருக்கும் சீஸ் துண்டுகளை அடுக்கி வைத்ததுபோல இருப்பதால் இதற்கு சுவிஸ் சீஸ் மாடல் என்று பெயர்.

இப்போது அதே வார்டில் ஆளைக் குறைத்துப் பாருங்கள். இரண்டாவது நர்ஸ் கேஷுவால்டிக்குப் போய்விட்டார். சரிபார்க்கும் தடுப்பு அப்படியே காணாமல் போனது. இருக்கிற ஒருவருக்குக் களைப்பு. மூடியின் நிறத்தைப் பார்க்கும் தடுப்பில் ஓட்டை பெரிதானது. ஊசியில் மருந்தை ஏற்றும்போது மூன்று பேர் வந்து "சிஸ்டர், டிரிப்ஸ் தீர்ந்துபோச்சு", "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவார்" என்கிறார்கள். சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் செவிலியர்களைக் கூடவே இருந்து கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்து கொடுக்கும்போது குறுக்கிடும் ஒவ்வொரு முறையும் மருத்துவத் தவறு சுமார் 13 சதவீதம் கூடியது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: களைப்பு கவனத்தைக் கெடுக்கிறது, பர்ன்அவுட் அக்கறையை வற்றவைக்கிறது, ஆள் பற்றாக்குறை தவறைப் பிடிக்கும் தடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறது. கடைசியில் ஊசியைப் பிடித்திருந்த கை யாருடையதோ அவர் பெயர் மட்டும் செய்தியில் வருகிறது.

லெஸ்டரில் ஒரு நாள்

இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன், நான் சொல்லவருவது முழுவதும் அந்த ஒரு நாளில் இருக்கிறது.

2011 பிப்ரவரி 18. லெஸ்டர் ராயல் இன்ஃபர்மரியின் குழந்தைகள் பிரிவு. டவுன் சிண்ட்ரோம் உள்ள 6 வயதுச் சிறுவனை வாந்தி, பேதி, மூச்சுத்திணறலோடு காலையில் கொண்டுவருகிறார்கள். பார்த்தவர் ஹடிசா பாவா-கார்பா என்ற பயிற்சி மருத்துவர். ஒரு வருடத்துக்கு மேல் நீண்ட பிரசவ விடுப்பு முடிந்து அண்மையில்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். அன்று வரவேண்டிய இன்னொரு மருத்துவர் வரவில்லை, அவர் வேலையும் இவர் தலையில். மேற்பார்வையிட வேண்டிய மூத்த மருத்துவர் வேறு ஊரில் வகுப்பெடுக்கப் போயிருந்தார். மருத்துவமனையின் கணினி அமைப்பு செயலிழந்துபோனதால் காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு மாலை 4 மணிக்கு மேல்தான் கைக்கு வந்தது. எக்ஸ்ரே தயாராகி வெகு நேரம் கழித்துத்தான் அவர் பார்த்தார். அதுவரை வயிற்றுப்போக்கால் வந்த நீரிழப்பு என்றே நினைத்திருந்தார். உண்மையில் அது நிமோனியாவில் தொடங்கி ரத்தத்தில் பரவிய தொற்று. சிறுவனுக்கு இதயப் பிரச்சினைக்காக வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரையை மருத்துவர் எழுதவில்லை; ஆனால் அதைக் கொடுக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவைக்கவும் இல்லை, மாலையில் அது கொடுக்கப்பட்டுவிட்டது. சிறுவன் இதயம் நின்றபோது, உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்று முடிவெடுத்திருந்த வேறொரு குழந்தை என்று குழப்பிக்கொண்டு முயற்சியைச் சற்று நிறுத்தச் சொன்னார், பிறகு தொடர்ந்தார்கள். அவர் 12 மணி நேரத்துக்கு மேல் இடைவேளையே எடுக்காமல் வேலை பார்த்திருந்தார். சிறுவன் அன்றிரவே இறந்துபோனான்.

அந்தத் தாயின் இழப்புக்கு எந்த விளக்கமும் ஈடாகாது. பாவா-கார்பா தவறு செய்யவில்லை என்றும் நான் சொல்லவில்லை, செய்தார். 2015-ல் அவரையும் ஒரு செவிலியரையும் கடும் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2018 ஜனவரியில் அவர் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்தே நீக்கினார்கள். அதன் பிறகு பிரிட்டன் முழுக்க மருத்துவர்கள் கொதித்தெழுந்து, நிதி திரட்டி வழக்கு நடத்தினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது.

தடுப்புகளை எண்ணிப் பாருங்கள். வராத சக மருத்துவர், இல்லாத மேலதிகாரி, வேலை செய்யாத கணினி, எடுக்காத இடைவேளை. ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை. இவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டால் இந்த நான்கு ஓட்டைகளில் எது அடைபடும்?

பயம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும்

அந்த வழக்கில் இன்னொரு பாதிப்பும் நடந்தது. பயிற்சி மருத்துவர்கள் தங்கள் தவறுகளைப் பற்றி எழுதிவைத்துக் கற்றுக்கொள்வது பிரிட்டனில் வழக்கம். எழுதினால் நமக்கு எதிராகவே திரும்புமோ என்ற பயம் பலருக்கு வந்துவிட்டது. பயம் வந்த இடத்தில் தவறுகள் குறைவதில்லை, தவறுகளைப் பற்றிய தகவல்தான் குறைகிறது.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது ஆச்சரியப்பட்டுப்போனார். ஒற்றுமையாக, நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அவற்றில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது, அங்கே பயமில்லாமல் பேசுகிறார்கள், அதனால் வெளியே வருகிறது என்று புரிந்தது. "எனக்குப் புரியவில்லை", "நான் தப்புப் பண்ணிட்டேன்", "சார், இந்த டோஸ் சரியா?" என்று சொன்னால் அவமானப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கு உளவியல் பாதுகாப்பு என்று பெயர். நம் ஊர் மருத்துவமனைகளில் இந்த மூன்றாவது கேள்வியை ஒரு ஹவுஸ் சர்ஜனோ நர்ஸோ யூனிட் சீஃபிடம் கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிய ஒருவர் அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். அப்படித் திட்டுவதை ஒழுக்கம், பயிற்சி என்றெல்லாம் நியாயப்படுத்துவதை நான் ஏற்கவே மாட்டேன். அது ஒரு தடுப்பைக் கழற்றி எறிகிற வேலை.

தவறு செய்தவர் தனியாக உடைந்துபோவதும் உண்டு. அவரை இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று 2000-ல் ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் எழுதினார். தூக்கம் போய், தன்மேல் நம்பிக்கை போய், மறுநாள் அதே வார்டுக்கு அதே மருந்தை எடுக்கப்போகிறார். அன்று அவருடைய மற்ற நோயாளிகள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

வெளியிலிருந்து வரும் பயமும் இருக்கிறது. மருத்துவமனை ஊழியர்கள்மீது வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்தது. அப்படியிருந்தும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். அடி விழுமோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்பவரின் கவனம் எங்கே இருக்கும்?

சரி, நேரத்தைக் குறைத்துவிட்டால் தீர்ந்ததா?

இல்லை, இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 1984-ல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயது மாணவி மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். நீண்ட டியூட்டியில், பல நோயாளிகளை ஒன்றாகக் கவனித்த பயிற்சி மருத்துவர்கள்தான் அவரைப் பார்த்தவர்கள். அவருடைய தந்தை ஒரு பத்திரிகையாளர், விடவில்லை. நியூயார்க் மாநிலம் 1989-ல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கொண்டுவந்தது. 2003-ல் அது அமெரிக்கா முழுக்க வந்தது. 2004-ல் பாஸ்டனில் வெளியான ஆய்வில், ஐசியூவில் நீண்ட ஷிஃப்ட் பார்த்த பயிற்சி மருத்துவர்கள், ஷிஃப்ட் குறைக்கப்பட்டபோது செய்ததைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்ததாகத் தெரியவந்தது.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2020-ல் குழந்தைகள் ஐசியூக்களில் அதே மாதிரி நீண்ட ஷிஃப்டைக் குறைத்துப் பார்த்தார்கள், தவறுகள் கூடிவிட்டன. காரணம் கணக்கில் இருந்தது. நேரத்தைக் குறைத்தார்கள், ஆளைக் கூட்டவில்லை. ஒரு டாக்டருக்குச் சராசரியாக 6.7 நோயாளிகள் இருந்த இடத்தில் 8.8 ஆனது. அந்த வித்தியாசத்தைச் சரிசெய்து கணக்கிட்டால், குறைந்த ஷிஃப்டால் தவறு கூடியது என்பது நிற்கவில்லை.

ஷிஃப்டைக் குறைத்தால் இன்னொன்றும் வரும்: ஒப்படைப்பு, வார்டில் ஹேண்ட்ஓவர் என்பார்கள். ஒருவர் போய் இன்னொருவர் வரும்போது நோயாளியைப் பற்றிய தகவலைக் கைமாற்றுவது. "எல்லாம் ஸ்டேபிள், பன்னிரண்டாம் பெட் மட்டும் பாத்துக்கோ" என்று படியிறங்கிக்கொண்டே சொன்னால் அது ஹேண்ட்ஓவர் இல்லை. யார் மோசமான நிலையில், என்ன செய்யவேண்டும், என்ன ஆனால் என்ன செய்வது, கேட்டவர் திருப்பிச் சொன்னாரா என்று ஒரு வரிசை வைத்துச் செய்தபோது, அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்த 9 மருத்துவமனைகளில் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-ல் வெளியிட்டார்கள். இதற்குத் தேவைப்பட்டது பயிற்சியும், அமைதியான ஓர் இடமும், சில நிமிடங்களும்.

சுருக்கமாக: நேரம், ஆள், ஒப்படைப்பு, மூன்றும் சேர்ந்துதான் நகரவேண்டும். ஒன்றை மட்டும் இழுத்தால் இன்னொரு பக்கம் கிழியும்.

ஆள் போட்டால் செலவாகாதா?

ஆகும். ஆனால் ஆள் போடாததற்கும் செலவு உண்டு, அது வேறு கணக்கில் எழுதப்படுகிறது. லிண்டா எய்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டதில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நர்ஸுக்கு பர்ன்அவுட் வரும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன பாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-ல் 27 அரசு மருத்துவமனைகளில், சராசரியாகப் பகலில் நான்கு நோயாளிக்கு ஒரு நர்ஸ், இரவில் ஏழு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று சட்டம் போட்டது. இறப்பும், படுக்கையில் இருக்கும் நாட்களும் குறைந்தன; மற்ற மருத்துவமனைகளில் மறுபடி வந்து சேர்வது கூடியபோது இங்கே கூடவில்லை. கூடுதல் நர்ஸ்களுக்கு ஆன செலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மிச்சமானதாக 2021-ல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் மூலம் தேர்வெழுதி வந்த செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்து, இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள டிஎம்எஸ் வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தது நினைவிருக்கலாம், அதற்குப் பிறகும் போராட்டங்கள் ஓயவில்லை. வேலை நிலைக்குமா என்ற கவலையோடு, சம்பளம் போதாமல் ஓடுகிற ஒருவரிடமிருந்துதான் சிவப்பு மூடிக்கும் ஆரஞ்சு மூடிக்கும் வித்தியாசம் தப்பாத கவனத்தை எதிர்பார்க்கிறோம்.

யோகா வகுப்பு

பர்ன்அவுட் என்று பேச்சு வந்தாலே நிர்வாகங்கள் முதலில் ஏற்பாடு செய்வது தியான வகுப்பு, மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கம். தியானம் நல்லதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் 2017-ல் இப்படிப்பட்ட முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு, ஆளை மாற்ற முயல்வதைவிட வேலை செய்யும் அமைப்பை மாற்றுவது அதிகப் பலன் தருகிறது என்று கண்டது. டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகவேண்டிய ஒருவரை யோகா வகுப்புக்காக நிறுத்திவைப்பதைவிட, பூட்டுப் போட்ட, மின்விசிறி சுற்றுகிற, கழிப்பறை உள்ள ஒரு டியூட்டி அறை கொடுத்து இரண்டு மணி நேரம் தூங்கவிடுவது மேல்.

நோயாளியின் வீட்டாரால் முடிந்தது

ஆள் போடுவதும் நேரத்தைக் குறைப்பதும் அரசும் நிர்வாகமும் செய்யவேண்டியவை, அந்தப் பொறுப்பை நோயாளியின் தலையில் கட்டக்கூடாது. ஆனாலும் அட்டெண்டராக வார்டில் உட்கார்ந்திருப்பவர் சில தடுப்புகளைக் காப்பாற்றிக்கொடுக்க முடியும்.

சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போது கூப்பிடாதீர்கள்; மூச்சுத்திணறல், ரத்தம், வலிப்பு மாதிரி அவசரமென்றால் மட்டும் கூப்பிடுங்கள், மற்றதற்கு அவர் தட்டைக் கீழே வைக்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். ஒவ்வாமை உள்ள மருந்துகளையும் வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி, சேரும்போதே கேஸ் ஷீட்டோடு வைக்கச் சொல்லுங்கள். வீட்டு மாத்திரையைக் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள். "இது என்ன மருந்து சிஸ்டர், எவ்வளவு போடறீங்க?" என்று தினமும் கேளுங்கள், தன்மையாகக் கேட்டால் எந்த நல்ல நர்ஸும் கோபித்துக்கொள்ள மாட்டார், கேட்ட அந்த நொடியில் அவரும் பாட்டிலை இன்னொரு முறை பார்ப்பார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் உங்கள் நோயாளியிடம் புதிதாக ஏதாவது மாற்றம் இருந்தால் போகிறவரிடமும் வருகிறவரிடமும் இரண்டு பேரிடமும் சொல்லிவிடுங்கள். ஒருவர் இன்னொருவரிடம் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட வேண்டாம்.